உன் வீடா, அவன் வீடா?

தமிழ் தெரிந்த ஒருவரைப் பார்த்து ‘வா’ என்றால் அவர் அருகில் வருவார். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டின் இபாதான் நகரத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, உதடுகளை நன்றாகக் குவித்து, குரலைச் சற்று உயர்த்தி ‘வா’ என்று சொல்லிப் பாருங்கள். அங்கும் யாராவது அருகில் வருவார்கள்! அங்கே பேசப்படும் யோருபா மொழியிலும் ‘வா’ என்றால் ‘வா’தான்.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் தமிழும் யோருபாவும் ஒரு தாய் மக்களா?” என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த சின்னஞ்சிறு சொற்கள் எந்த மொழியிலும் சில நூறுதான் இருக்க முடியும். உலகில் மொழிகளோ ஏறத்தாழ ஏழாயிரம். அவற்றில் எங்கோ இரண்டு மொழிகளில் ஒரு சின்னச் சொல் ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போவது தற்செயலே. இரு மொழிகள் உறவு என்று சொல்ல வேண்டுமானால் நூற்றுக்கணக்கான சொற்களில் ஓர் ஒழுங்கான ஒற்றுமை தெரிய வேண்டும். அப்படி எதுவும் இங்கே இல்லை. தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. யோருபா, நைஜர்-காங்கோ என்னும் மிகப் பெரிய ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நாம் வியப்படைய வேண்டியது வேறொன்றைப் பற்றி. அதே ‘வா’வைக் குரலை உயர்த்தாமல், இயல்பான சுருதியில் சொன்னால் யோருபாவில் அதற்கு ‘நம்முடைய’ என்று பொருள். குரலைத் தாழ்த்திச் சொன்னாலோ ‘இருக்கிறது’ என்று பொருள். ஒரே எழுத்து, மூன்று சுருதி, மூன்று சொற்கள்!

தென்மேற்கு நைஜீரியாவிலும் அதன் அண்டை நாடுகளான பெனின், டோகோ ஆகியவற்றிலும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பேசும் மொழி இது. எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் முதல் வாரத்திலேயே நமக்குத் தேவைப்படுபவை ‘என், உன், அவன், அவள், எங்கள், உங்கள்’ என்னும் சொற்கள். ‘என் பெயர்’ என்று தொடங்காமல் யாரோடும் பேச்சைத் தொடங்க முடியாதல்லவா? யோருபாவில் இச்சொற்கள் ஆறே ஆறுதான். ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அவற்றைச் சரியாகச் சொல்ல நாக்கு மட்டும் போதாது. காதும் தொண்டையும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதிலிருந்தே தொடங்குவோம்.

சுருதியும் சொல்லும்

நம் தொண்டையில், குரல்வளைக்குள், இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குரல் நாண்கள் என்பர். நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றை அதிரச் செய்யும்போது குரல் பிறக்கிறது. வளர்ந்த ஆணின் குரல் நாண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 120 முறை அதிர்கின்றன. பெண்களுக்கு இது சுமார் 200. நாண்களை இறுக்கினால் அதிர்வு கூடும், சுருதி உயரும். தளர்த்தினால் சுருதி தாழும். வீணைத் தந்தியை முறுக்கேற்றினால் என்ன நடக்கிறதோ அதுதான் இங்கும் நடக்கிறது.

தமிழ் பேசும்போதும் நாம் சுருதியை ஏற்றி இறக்கத்தான் செய்கிறோம். ‘வந்துட்டான்’ என்பதைச் செய்தியாகவும் சொல்லலாம்; கடைசியில் குரலை உயர்த்திக் கேள்வியாகவும் கேட்கலாம். கோபம், வியப்பு, கேலி எல்லாமே குரலில் தெரியும். ஆனாலும் ‘வந்துட்டான்’ என்ற சொல் மாறுவதில்லை. யோருபாவில் அப்படியல்ல. சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். நமக்குக் ‘கல்’லும் ‘கள்’ளும் எப்படி வேறு வேறு சொற்களோ, அப்படி அவர்களுக்கு உயர்ந்த ‘வா’வும் தாழ்ந்த ‘வா’வும் வேறு வேறு.

யோருபாவில் மேல், நடு, கீழ் என மூன்று சுருதிகள் உண்டு. நைஜீரியப் பள்ளிகளில் இவற்றை ‘டோ, ரே, மி’ என்னும் மேல்நாட்டு இசைச் சுரங்களின் பெயராலேயே கற்பிக்கிறார்கள். டோ என்றால் கீழ், ரே என்றால் நடு, மி என்றால் மேல். நாம் ‘ச, ரி, க’ என்று பாடிப் பழகலாம். ச கீழ், ரி நடு, க மேல். பாட்டுத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். எத்தனை அதிர்வு என்ற கணக்கு இங்கே முக்கியமில்லை. பக்கத்து அசையைவிட உயர்வா, தாழ்வா என்பதுதான் முக்கியம். அதனால்தான் கீச்சுக் குரல் குழந்தையும் கட்டைக் குரல் தாத்தாவும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒருவர் மற்றவரைப் புரிந்துகொள்ள முடிகிறது.

எடுத்துக்காட்டாக ‘ஒக்கொ’ என்னும் ஒலியைப் பார்ப்போம். இரண்டு அசையையும் நடுச் சுருதியில் சொன்னால் அது கணவன். நடு, மேல் என்று சொன்னால் மண்வெட்டி போன்ற ஓர் உழவுக் கருவி. நடு, கீழ் என்றால் வண்டி அல்லது படகு. கீழ், கீழ் என்றால் ஈட்டி. ‘என்’ என்னும் சொல்லை இதனுடன் சேர்த்து ‘என் வண்டி பழுதாகிவிட்டது’ என்று சொல்ல வந்த புதியவர் ஒருவர், சுருதி பிசகினால் கணவரைப் பழுதாக்கிவிடுவார்!

ஆறு சொற்கள்

இனி அந்த ஆறு சொற்களைப் பார்ப்போம். அடைப்புக் குறிக்குள் சுருதி தரப்பட்டுள்ளது.

மி (நடு) – என்
ரெ (நடு) – உன்
ரெ (கீழ்) – அவன், அவள், அதன்
வா (நடு) – நம், எங்கள்
யின் (மேல்) – உங்கள்
வொன் (நடு) – அவர்கள், அவர்

‘யின்’, ‘வொன்’ ஆகியவற்றின் இறுதியில் ‘ன்’ முழுதாக ஒலிக்காது. உயிரொலியே மூக்கின் வழியாக வரும். ‘ரெ’ என்பதை வாயைச் சற்று அகலத் திறந்து சொல்ல வேண்டும். வாக்கியத்தில் வரும்போது இச்சொற்களுக்கு முன்னுள்ள பெயர்ச்சொல்லின் கடைசி உயிர் சிறிது நீளும். இவை நுணுக்கங்கள், கேட்டுக் கேட்டுப் பழக வேண்டியவை.

பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது வரிகளைத் திரும்பப் பாருங்கள். முன்னிலைக்கும் ‘ரெ’, படர்க்கைக்கும் ‘ரெ’. எழுத்தில் எந்த வேறுபாடும் இல்லை. ஒன்று நடு, ஒன்று கீழ், அவ்வளவுதான். வீட்டை யோருபாவில் ‘இலெ’ (நடு-மேல்) என்பார்கள். ‘இலெ ரெ’ என்று நடுச் சுருதியில் முடித்தால் உன் வீடு. அதையே கீழே இறக்கி முடித்தால் அவன் வீடு. பணத்துக்குச் சொல் ‘ஒவொ’ (நடு-மேல்). ‘ஒவொ ரெ’ உன் பணமா, அவன் பணமா என்பது கடைசி அசையின் சுருதியில் அடங்கியிருக்கிறது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் பேசிக்கொள்ளும்போது இது சின்ன வேறுபாடு அல்லவே!

யோருபாக் குழந்தைகள் இதில் தடுமாறுவதில்லை. மழலையிலேயே பழகிவிட்ட காது அது. தடுமாறுபவர்கள் நாம்தான். நம் காது ‘ரெ’ என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு, சுருதியைப் ‘பேசுபவரின் உணர்ச்சி’ என்று ஒதுக்கிவிடுகிறது. அப்படி ஒதுக்காமல் இருக்கப் பழகுவதே முதல் பாடம்.

கண்ணாடியில் தெரியும் தமிழ்

அடுத்து, சொல் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நாம் ‘என் வீடு’ என்கிறோம். யோருபாவில் ‘இலெ மி’, அதாவது ‘வீடு என்’. உடைமை முதலில், உடையவர் பின்னால். உடையவர் பெயரைச் சொல்லும்போதும் அப்படியே. ‘இலெ தைவோ’ என்றால் தைவோவின் வீடு. இடையில் ‘இன்’, ‘உடைய’ போன்ற உருபு எதுவும் கட்டாயமில்லை. நம் இலக்கணத்தில் ‘முருகன் வேல்’ என்பதை ஆறாம் வேற்றுமைத் தொகை என்று படித்திருப்பீர்கள். யோருபாவின் வழக்கமான உடைமைத் தொடர் இத்தகைய தொகைதான், ஆனால் தலைகீழாக நிற்கும் தொகை.

தொடரை நீட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். தந்தையைப் ‘பாபா’ (கீழ்-மேல்) என்பார்கள், நண்பரை ‘ஒரெ’ (கீழ்-மேல்) என்பார்கள். ‘என் தந்தையின் நண்பரின் வீடு’ என்பதை யோருபாவில் சொன்னால் ‘இலெ ஒரெ பாபா மி’ என்று வரும். சொல்லுக்குச் சொல் எழுதினால் ‘வீடு நண்பர் தந்தை என்’. நம் தொடரை ஒரு கண்ணாடிமுன் பிடித்தது போல இருக்கிறதல்லவா? நாம் ‘என்’னில் தொடங்கி நடந்து வீட்டை அடைகிறோம். அவர்கள் வீட்டில் தொடங்கி நடந்து ‘என்’னை அடைகிறார்கள்.

இது ஏதோ தனிப்பட்ட விருப்பம் அன்று. இதற்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்க மொழியியல் அறிஞர் ஜோசப் கிரீன்பெர்க், உலகின் பல பகுதிகளிலிருந்து 30 மொழிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை ஒப்பிட்டு 1963-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த முப்பதில் யோருபாவும் ஒன்று. தமிழின் உடன்பிறப்பான கன்னடமும் ஒன்று. அவர் கண்ட பொது விதிகளுள் ஒன்று இது: இடத்தைக் காட்டும் ‘இல்’ போன்ற சொல் பெயருக்குப் பின்னால் வரும் மொழிகளில் உடையவர் பெயர் உடைமைக்கு முன்னால் வரும். அச்சொல் பெயருக்கு முன்னால் வரும் மொழிகளில் உடையவர் பெயர் பின்னால் வரும். எப்போதுமே அல்ல, பெரும்பாலும்.

நாம் ‘வீட்டில்’ என்கிறோம், ‘இல்’ பின்னால் வருகிறது. யோருபாவில் ‘நி’ (மேல்) என்னும் சொல் முன்னால் வந்து, வீட்டோடு சேர்ந்து ‘நிலெ’ ஆகிறது. நாம் ‘புத்தகம் வாங்கினேன்’ என்போம். அவர்கள் ‘வாங்கினேன் புத்தகம்’ என்னும் வரிசையில் சொல்வார்கள். ஒரு மொழியில் ‘என் வீடு’ எப்படிச் சொல்லப்படுகிறது என்று தெரிந்தால், அம்மொழி ‘வீட்டில்’ என்பதை எப்படிச் சொல்லும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓர் எலும்பைக் கொண்டு விலங்கின் உருவத்தை ஊகிக்கும் விஞ்ஞானியின் வேலையைப் போன்றது இது. (ஆங்கிலம் இரண்டு வழியிலும் உடைமையைச் சொல்லும். அது கலப்பு வகை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

எதைச் சொல்வது, எதை விடுவது

‘ரெ’ (கீழ்) என்பதற்கு நேராக ‘அவன், அவள், அதன்’ என்று மூன்றையும் எழுதியிருந்தேன். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். யோருபாவில் ஆண், பெண், அஃறிணை என்ற வேறுபாடு இச்சொல்லில் இல்லை. நமக்கு இது விந்தையாக இருக்கும். ‘வந்தான், வந்தாள், வந்தது’ என்று வினைச்சொல்லிலேயே பால் காட்டுபவர்கள் நாம்.

பெயர்களிலும் இது தொடர்கிறது. உலகிலேயே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறக்கும் மக்களுள் யோருபா மக்கள் அடங்குவர். இரட்டையரில் முதலில் பிறந்த குழந்தைக்குத் தைவோ என்றும், இரண்டாவதற்குக் கெஹிந்தே என்றும் பெயரிடுவது மரபு. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அதே பெயர்தான். ‘தைவோ தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நண்பரின் வீட்டுக்குப் போனது’ பற்றி ஒரு கதை முழுவதும் யோருபாவில் எழுதலாம். தைவோ பையனா பெண்ணா என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம். யோருபா வாசகருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கதையைத் தமிழில் பெயர்ப்பவர்தான் முதல் வாக்கியத்திலேயே திண்டாடுவார். ‘போனான்’ என்பதா, ‘போனாள்’ என்பதா? கதாசிரியர் சொல்லாத ஒன்றைத் தமிழ் கேட்கிறது!

உடன்பிறந்தோரைக் குறிக்கும் சொற்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என நான்கு. வயதும் தெரியும், பாலும் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு, பால் மட்டும் தெரியும், வயது தெரியாது. யோருபாவிலும் இரண்டுதான். ஆனால் ‘எக்பொன்’ (கீழ்-மேல்) என்றால் மூத்தவர், ‘அபூரொ’ (கீழ்-மேல்-கீழ்) என்றால் இளையவர். வயது மட்டும் தெரியும், பால் தெரியாது. ஆகவே ‘எக்பொன் ரெ’ (கீழ்ச் சுருதியில்) என்பது அவன் அண்ணன், அவன் அக்கா, அவள் அண்ணன், அவள் அக்கா ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். (இரட்டையரில் யார் எக்பொன் என்று கேட்பீர்களானால், பின்னால் பிறந்த கெஹிந்தேதான் மூத்தவர் என்பது யோருபா மரபு. உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவரத் தைவோவை முன்னால் அனுப்பியவர் கெஹிந்தே என்பார்கள்.)

‘வா’ (நடு) என்பதற்கும் இரண்டு பொருள் தந்திருந்தேன். நாம் ‘நம் வீடு’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோம். ‘எங்கள் வீடு’ என்றால் கேட்பவரை வெளியே நிறுத்துகிறோம். யோருபாவில் ‘இலெ வா’ இரண்டுக்கும் பொதுவானது. இந்த ஒன்றில் நம் மொழி கூடுதல் நுட்பம் காட்டுகிறது என்று நான் சொல்வேன். ஆங்கிலத்துக்கும் இந்த நுட்பம் கிடையாது.

பாலை விட்டுவிட்ட யோருபா, மரியாதையை மட்டும் விடவே இல்லை. ‘ரெ’ (நடு) நண்பனுக்கும் தம்பி தங்கைக்கும் மட்டுமே உரியது. பெரியவர் ஒருவரிடம் பேசும்போது அவர் ஒருவராகவே இருந்தாலும் ‘யின்’ என்னும் பன்மையைத்தான் சொல்ல வேண்டும். நாம் ‘உங்கள்’ என்பதைப் போல. பெயரை ‘ஒரூக்கொ’ (நடு-மேல்-நடு) என்பார்கள். ஒரு சிறுவனிடம் ‘கி நி ஒரூக்கொ ரெ?’ (உன் பெயர் என்ன?) என்று கேட்கலாம். அவனுடைய ஆசிரியரிடம் ‘கி நி ஒரூக்கொ யின்?’ என்றுதான் கேட்க வேண்டும். தவறினால் அது இலக்கணப் பிழையாகக் கொள்ளப்படாது. வளர்ப்பின் பிழையாகவே கொள்ளப்படும். பெரியவர்களைக் கண்டால் ஆண்பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும், பெண்பிள்ளைகள் முழந்தாளிட்டும் வணங்குவது யோருபா மரபு. ஓரிரு வயது மூத்தவருக்குக்கூட மரியாதைச் சொல் தருவார்கள்.

எதிரில் இல்லாத பெரியவரைப் பற்றிப் பேசும்போது ‘ரெ’ (கீழ்) போய் ‘வொன்’ வந்துவிடும். ‘இலெ வொன்’ என்றால் பலருடைய வீடாகவும் இருக்கலாம், மதிப்புக்குரிய ஒருவருடைய வீடாகவும் இருக்கலாம். ‘அவர்கள் வீடு’ என்று நாமும் இரண்டு பொருளிலும் சொல்வதுண்டு. ஆகவே தமிழ் மாணவருக்கு இந்தப் பகுதி மிக எளிது. பெரியவர், சிறியவர் என்று எல்லாருக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய ஆங்கிலேயருக்குத்தான் கடினம்.

என்னுடையது!

‘இது யாருடையது?’ என்ற கேள்விக்கு ‘என்’ என்று மட்டும் விடை சொல்ல முடியாது; ‘என்னுடையது’ என்க வேண்டும். யோருபாவிலும் தனியே நிற்கும் சொற்கள் உண்டு. ‘தி’ என்னும் சொல்லை முன்னால் சேர்த்து இவை அமைகின்றன. ‘தெமி’ (கீழ்-நடு) என்னுடையது. ‘திவா’ (நடு-நடு) நம்முடையது. ‘தியின்’ (நடு-மேல்) உங்களுடையது. ‘திவொன்’ (நடு-நடு) அவர்களுடையது.

உன்னுடையது, அவனுடையது ஆகிய இரண்டுமே ‘திரெ’தான். ஆனால் இங்கே சுருதி அழகாக எதிரெதிராகப் போகிறது. கீழிருந்து நடுவுக்கு ஏறினால் உன்னுடையது. நடுவிலிருந்து கீழே இறங்கினால் அவனுடையது. ‘ச-ரி’ என்று பாடினால் உனக்கு, ‘ரி-ச’ என்று பாடினால் அவனுக்கு! வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தனி ‘ரெ’யைவிட இந்த இணையில் வேறுபாடு காதுக்கு எளிதில் பிடிபடும். பயிற்சியை இதிலிருந்தே தொடங்கலாம்.

யோருபா மக்கள் இச்சொற்களைப் பெயராகவும் சூட்டிக்கொள்கிறார்கள். தெமிலொலுவா என்றால் ‘ஆண்டவன் என்னுடையவன்’ என்று பொருள். திவலாடெ என்றால் ‘மகுடம் நம்முடையது’.

காகிதத்தில் காணாமல் போகும் சுருதி

யோருபாவை ரோமன் எழுத்துகளில் எழுதும் முறை 19-ஆம் நூற்றாண்டில் உருவாயிற்று. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் சாமுவேல் அஜயி குரோதர் என்னும் யோருபா மனிதர். 1821-இல், சிறுவனாக இருந்தபோது, அடிமை பிடிப்பவர்கள் அவரது ஊரைச் சூறையாடி அவரையும் குடும்பத்தாரையும் பிடித்துச் சென்றனர். கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு, கடைசியில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டார். 1822-இல் அக்கப்பலை ஆங்கிலேயக் கடற்படை மறித்து அடிமைகளை விடுவித்தது. சியரா லியோனில் கல்வி கற்ற அவர், 1843-இல் யோருபாச் சொற்களின் தொகுதி ஒன்றை இலக்கணத்துடன் அச்சிட்டு வெளியிட்டார். 1846-இல் அபெயோகுட்டா நகரில் தம் தாயை மீண்டும் கண்டார். பிரிந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறருடைய உடைமையாக விற்கப்பட்ட சிறுவன், ‘என், உன், அவன்’ என்னும் சொற்களைத் தம் மொழிக்காக அச்சில் ஏற்றினார். 1864-இல் அவர் ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பிஷப் ஆனார்.

இன்றைய எழுத்து முறையில், வாயை அகலத் திறந்து சொல்லும் எகர ஒகரங்களுக்கு எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். ‘ஒவொ’ என்பதைப் புள்ளியில்லாமல் எழுதினால் பணம், புள்ளியோடு எழுதினால் கை. (தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நம் எழுத்து நம் ஒலிகளுக்காக அமைந்தது, வேறென்ன செய்யும்?) சுருதிக்கு எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு. வலப்பக்கம் ஏறும் கோடு மேல் சுருதி. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு கீழ்ச் சுருதி. நடுச் சுருதிக்குக் குறி இல்லை.

முறை நல்ல முறைதான். ஆனால் அன்றாட எழுத்தில் இந்தக் கோடுகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டச்சுப் பொறிகளில் இக்குறிகள் எளிதில் கிடைக்கவில்லை. கணிப்பொறியும் கைப்பேசியும் வந்த பிறகும் அடியில் புள்ளி, தலையில் கோடு என்று ஓர் எழுத்துக்கு இரண்டு குறி தட்டப் பொறுமை வேண்டும். பெரும்பாலான சொற்களில் இதனால் பெரிய கேடு இல்லை. ‘ஒக்கொ ஓட்டினேன்’ என்றால் வண்டிதான், கணவன் அல்ல என்று யாருக்கும் புரியும். ஆனால் ‘ரெ’ அப்படியா? ‘இவெ ரெ கிடைத்தது’ என்று குறியில்லாமல் ஒரு கடிதம் வந்தால், கிடைத்தது உன் புத்தகமா, அவன் புத்தகமா? (புத்தகம் ‘இவெ’, கீழ்-மேல்.) இரண்டுமே வாக்கியத்தில் பொருந்துகின்றன. முன்பின் வாக்கியங்களும் உதவாவிட்டால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். எழுதும் சோம்பலில் எந்தக் கோட்டை விட்டாலும் இந்த ஒரு கோட்டை விடக்கூடாது என்பது என் கருத்து.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. யோருபா நாட்டில் ‘டுண்டுண்’ என்னும் பேசும் முரசு புகழ்பெற்றது. நம் உடுக்கையைப் போல இடை சிறுத்த கருவி. இரண்டு முகத்துத் தோல்களையும் இணைத்து நெடுகத் தோல் வார்கள் ஓடும். முரசைக் கக்கத்தில் இடுக்கி வார்களை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி உயரும், விட்டால் தாழும். குரல் நாணில் நடப்பதே இங்கும் நடக்கிறது. யோருபாச் சொற்களின் மேல், நடு, கீழ்ச் சுருதிகளை அப்படியே முரசில் வாசித்து, தலைவர்களின் புகழையும் பழமொழிகளையும் முரசால் ‘பேசுவார்கள்’.

முரசுக்குச் சுருதி உண்டு. மெய்யும் உயிரும் கிடையாது. ‘இயா’ (தாய்), ‘பாபா’ (தந்தை), ‘இவெ’ (புத்தகம்), ‘ஒரெ’ (நண்பர்) நான்குமே கீழ்-மேல். முரசில் நான்கும் ஒன்றாகவே ஒலிக்கும். ‘மி’யும் நடு, முன்னிலை ‘ரெ’யும் நடு ஆகையால் என், உன் இரண்டையும் முரசால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் உன், அவன் என்ற வேறுபாடு அதில் பளிச்சென்று தெரியும்! குறியில்லாத காகிதம் ‘புத்தகம்’ என்று சொல்லும், உன்னுடையதா அவனுடையதா என்று சொல்லாது. முரசு ‘அவனுடைய’ என்று சொல்லும், எது என்று சொல்லாது. அதனால்தான் முரசு வாசிப்பவர்கள் தனிச் சொற்களை வாசிப்பதில்லை. கேட்பவர்களுக்கு முன்பே பழக்கமான நீண்ட தொடர்களாக வாசிக்கிறார்கள்.

முடிக்குமுன் உங்களுக்கு மூன்று தொடர்கள். நாயை ‘அஜா’ (நடு-மேல்) என்பார்கள். ‘நி’ (நடு) என்பதை இங்கே ‘ஆகும்’ என்று கொள்க. மேலே படித்ததைக் கொண்டு தமிழாக்கிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள்.

அஜா ஒரெ மி (கடைசி அசை நடு)
இலெ இயா ரெ (கடைசி அசை கீழ்)
தியின் நி

முதலாவது, என் நண்பரின் நாய். என் தோழியின் நாய் என்றாலும் சரியே. மூன்றாவது, ‘உங்களுடையதுதான்’. கேட்டவர் பலர், அல்லது பெரியவர் ஒருவர். இரண்டாவதற்கு ‘உன் அம்மாவின் வீடு’ என்று எழுதியவர்கள் சுருதிக் குறிப்பை ஒருமுறை திரும்பப் பாருங்கள். அவன் அம்மாவின் வீடு என்று எழுதியிருந்தால் சரி. அவள் அம்மாவின் வீடு என்று எழுதியிருந்தாலும் சரி.